நான் தலையாட்டாத பாட்டு

"இந்தப் பாட்டு முடிஞ்சதும் நான் கிளம்புறேன். பெட்டி கார்ல இருக்கு," என்றாள் என் மனைவி. மேடை ஏறும்போதா சொல்வது? நான் வாயைத் திறப்பதற்குள் போய் டிரம்ஸ் முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

எங்கள் ஜாஸ் குழுவில் பியானோ வாசிக்கும் நான் தலையாட்டினால்தான் பாட்டு முடியும். அதுவரை எல்லோரும் வாசித்தே ஆகவேண்டும். சரி, ஆட்டினால்தானே!

சின்னப் பாட்டுதான். இழுத்தேன். மெட்டை உடைத்தேன், புரட்டினேன், அவளுக்குப் பிடித்த இடத்தில் நின்று கெஞ்சினேன். அவள் தாளம் பிசகவில்லை. முகம் கல்லாக இருந்தது.

பேஸ் கிட்டார் வாசிக்கும் மச்சான், அவளுடைய அண்ணன், என் பக்கம் குனிந்தான். "விரல் கொப்புளிச்சுப் போச்சு மாப்ளே. தலையை ஆட்டித் தொலைங்க."

ஆட்டவில்லை.

திடீரென்று டிரம்ஸ் நின்றது. மச்சானும் நிறுத்தினான். பியானோ மட்டும் தனியாகக் கேட்கட்டும் என்று டிரம்ஸ்காரர்கள் இப்படி ஒதுங்கி வழிவிடுவது உண்டு. மனசு இளகிவிட்டாள்! கண்ணை மூடிக்கொண்டு உயிரைக் கொடுத்து வாசித்தேன். இன்றைக்கும் போகிற இடமெல்லாம் அந்தத் தனி வாசிப்பைத்தான் சொல்கிறார்கள். என்னைப் பெரிய ஆளாக்கியது அதுதானாம். மண்ணாங்கட்டி!

கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. இனி முடிக்கலாம் என்று சிரித்தபடி அவள் பக்கம் திரும்பிப் பெரிதாகத் தலையாட்டினேன்.

குச்சிகள் இரண்டும் டிரம் மேல் இருந்தன. ஸ்டூல் காலி. என் தலை மட்டும் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.