ஆட்காட்டி எழுந்து போன நேரம்

வட்டம் இரண்டாகத்தான் தெரிந்தது. நாகேஸ்வரி தூரக்கண்ணாடியைக் கண்களோடு இன்னும் இறுக்கி வைத்துப் பார்த்தாள். அப்போதும் இரண்டுதான். இடது பக்கம் ஒரு வட்டம், வலது பக்கம் ஒரு வட்டம், இடையில் சுவர் எழுப்பினதுபோல ஒரு கறுப்பு. இடது வட்டத்தின் ஓரத்தில் பறவையின் வால் வந்தது. முழுப் பறவையையும் பிடிப்பதற்காகத் தலையைக் கொஞ்சம் திருப்பினாள். அது கறுப்புக்குள் போய் மறைந்துவிட்டது.

"தெரியுதே?" என்று உள்ளேயிருந்து அவளுடைய கணவர் கனகலிங்கம் கேட்டார்.

"ஓம், தெரியுது."

"முட்டையில இருக்குதோ, எழும்பிட்டுதோ?"

அவள் கண்ணாடியைச் சற்றே இறக்கி, அதன் மேல்விளிம்புக்கு மேலால் வெறுங்கண்ணால் பார்த்தாள். நாற்பது யார் தூரத்தில், சிப்பி ஓடு கலந்த மணலில் சற்று முன்வரை அசையாமல் இருந்த மண்ணிறப் புள்ளி இப்போது இல்லை.

"எழும்பிட்டுது. தண்ணிப் பக்கம் போகுது."

அவர் பாயில் சாய்ந்தபடியே கைமணிக்கூட்டைத் திருப்பிப் பார்த்துக் கொப்பியில் எழுதினார். 9.42 போனது. நாகேஸ் பார்த்தா.

கனகலிங்கம் மாங்குளம் புகையிரத நிலையத்தில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்தவர். கோச்சி வந்த நேரமும் விட்ட நேரமும் எழுதி எழுதி, வந்து போகிற எதையும் அப்படி எழுதிவைப்பது அவருக்குப் பழக்கமாகிவிட்டது. ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்கார நில அளவையாளர் அந்தத் தூரக்கண்ணாடியை அவருக்குக் கொடுத்துவிட்டுப் போய் ஆறு வருடம். அதன் பிறகு குளக்கட்டில் நாரை வந்த நேரம், வேலிக் கிளுவையில் குக்குறுவான் இருந்த நேரம் எல்லாம் கொப்பிக்கு வந்தன.

கண்ணாடி வந்த அன்றைக்கே நாகேஸ்வரியைக் குளக்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். பெட்டியிலிருந்து எடுத்து, புத்தகத்தை விரிப்பதுபோல இரு குழல்களையும் அகல விரித்து அவள் கையில் தந்தார். நடுவிலுள்ள சின்னச் சில்லை எப்படித் திருப்புவது என்று காட்டினார். அவள் இரண்டு வட்டங்களையும் நடுவே அந்தக் கறுப்பையும் பார்த்தாள். "தெரியுதே?" என்று கேட்டவரின் முகத்தில் அப்படியொரு சந்தோசம். அவள் ஓமென்றாள். ஒரு தரம் ஓமென்று சொன்ன பிறகு அடுத்த தரம் இல்லையென்று சொல்ல முடியவில்லை. ஆறு வருடமாக அவள் எந்தப் பறவையையும் அதற்குள்ளால் பார்த்ததில்லை.

சித்திரை விடுமுறைக்கு நான்கு நாள் இந்தத் திட்டியில் வந்து தங்கலாம் என்பதும் அவருடைய எண்ணந்தான். வற்றாப்பளை அம்மனைக் கும்பிட்டுவிட்டு மீராசாகிபுவின் வள்ளத்தில் வந்தார்கள். அவரும் அவளும், மகள் இராசேஸ்வரியும், நாகேஸ்வரியின் தம்பி தவராசாவும். பெருங்கடலோடு ஒட்டிய நந்திக்கடல் களப்புக்கு நடுவில் மரமே இல்லாத ஒரு மணல் திட்டி அது. ஓரத்தில் கொஞ்சம் உமரிச் செடி, மீன்பிடி காலத்தில் மீராசாகிபுவின் ஆட்கள் தங்குகிற ஒரு ஓலை வாடி, அவ்வளவுதான். குடிக்கிற தண்ணீரைக்கூடக் குடத்தில் கொண்டுவர வேண்டும் என்பதால் மீராசாகிபுவும் வள்ளத்தோடு அங்கேயே தங்கினார்.

"அத்தான், உலகத்தில சனம் விடுமுறைக்குக் கண்டி, நுவரெலியா எண்டு குளிரான இடம் தேடிப் போகுது. நீங்கள் எங்களைக் கருவாடு காயப்போடுற இடத்துக்குக் கொண்டுவந்திருக்கிறியள்" என்று தவராசா முதல் நாளே சொன்னான்.

"கருவாடாய்ப் போனாலும் நீ நாறாமல் இருந்தால் சரி" என்றார் அவர்.

இரண்டாம் நாள் அவர் ஆட்காட்டியின் முட்டைகளைக் கண்டுபிடித்தார். கூடு என்று ஒன்றும் இல்லை. மணலில் கையளவு பள்ளம், சுற்றி நாலு சிப்பி ஓடு. நாலு முட்டையின் கூர்முனையும் பள்ளத்தின் நடுவைப் பார்த்திருந்தன. அப்படி அடுக்கினால்தான் ஒரு பறவையின் வயிற்றுக்குக் கீழே நாலும் அடங்கும் என்று இராசேஸ்வரிக்கு விளக்கினார். கிட்டப் போனால் பறவைகள் இரண்டும் கத்திக் குளறி முட்டையை விட்டுப் போய்விடும். ஆகவே வாடி வாசலிலிருந்தே பார்ப்பது, பறவை போகும்போதும் வரும்போதும் நேரத்தைக் குறிப்பது என்று ஒழுங்கு செய்தார்.

"யாழ்தேவிக் கோச்சி பிந்தினாலும் உங்கட ஆட்காட்டி பிந்தாது போல கிடக்கு" என்று தவராசா சிரித்தான்.

மூன்றாம் நாள் விடிய அவருக்கு நெஞ்சுக்குள் பிடித்தது. முந்தின நாள் மாலையில் வள்ளத்திலிருந்து தண்ணீர்க் குடங்களை அவரே தோளில் தூக்கி வந்தவர். "வாய்வுதான். நேற்று இறால் கூடிப்போச்சு" என்றார். நாகேஸ்வரி உள்ளிப்பூண்டு சுட்டுக் கொடுத்தாள். கண்ணாடியைத் தூக்கிப் பிடிக்கக் கை வலித்தபடியால் அன்று காலை முழுவதும் பார்ப்பது அவளுடைய வேலையாகிவிட்டது.

"இஞ்சாரும், ஒண்டு எனக்கு விளங்கேல்லை" என்றார். "அடைகாக்கிறது முட்டைக்குச் சூடு குடுக்கத்தானே? விடியப்புறம் குளிருக்க ரெண்டு மணித்தியாலம் எழும்பாமல் இருந்துது. அது சரி. வெயில் ஏற ஏற ஏன் அடிக்கடி எழும்பித் தண்ணிப் பக்கம் ஓடுது?"

"குடிக்கப் போகுதாக்கும்."

"குடிச்சதை நீர் பாத்தனீரோ?"

"ஓம்."

"சொண்டு தண்ணிக்க போனதோ?"

அவள் கண்ணாடியைத் திரும்பக் கண்ணில் வைத்தாள். "போனது" என்றாள்.

அவர் 'குடிக்க' என்று எழுதினார். பிறகு யோசித்துப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார். "இது உப்புத் தண்ணியெல்லோ. பத்து நிமிசத்துக்கு ஒருக்கா உப்புத் தண்ணி குடிக்கிற சீவனும் இருக்கோ? உம்மட கண்ணை நம்பிறன், நாகேஸ். அந்தப் பறவையைத்தான் நம்பேலாமல் கிடக்கு."

நாகேஸ்வரி கண்ணாடியை மடியில் வைத்தாள். "இஞ்சாருங்கோ, நான் ஒண்டு சொல்லவேணும்" என்று தொடங்கினாள்.

அவருடைய நெற்றியும் உடம்பும் வியர்வையில் நனைந்திருந்தன. உதடு வெளுத்திருந்தது. கொப்பி பாயில் விழுந்து கிடந்தது.

அவள் கூப்பிட்ட சத்தத்துக்குத் தவராசா ஓடி வந்தான். மீராசாகிபு வள்ளத்தைத் தண்ணீருக்குத் தள்ளினார். காற்று விழுந்திருந்ததால் பாய் உதவாது, கம்பு ஊன்றித்தான் போகவேண்டும். ஊன்ற ஒருவர், கரையில் இறங்கி ஓட ஒருவர் என்று இரண்டு பேரும் தேவை.

"பயப்பிடாதீங்க தங்கச்சி. ஆசுபத்திரி அப்போதிக்கரி ஐயாவக் கையோட கூட்டிவாறன்" என்றார் மீராசாகிபு. "நெஞ்சுக்குத் துணி நனைச்சுப் போடுங்க. குடிதண்ணியச் சிலவழிக்காதீங்க."

நாகேஸ்வரி அவருடைய சால்வையை எடுத்துக்கொண்டு கரைக்குப் போனாள். நனைத்துக்கொண்டு வந்து நெஞ்சில் போட்டாள். அந்த வெயிலில் துணி பத்து நிமிடத்தில் காய்ந்தது. திரும்பவும் போனாள். மணல் காலைச் சுட்டது. போகும் வழியில் ஆட்காட்டிகளைச் சுற்றி விலகி நடந்தாள். அவளைக் கண்டு பழகிவிட்டனவோ என்னவோ, அவை கத்தவில்லை.

"இப்ப எப்பிடி இருக்கு?"

"துணி சுகமாயிருக்கு" என்றார். கொஞ்ச நேரத்துக்குப் பிறகு, "பறவை எங்கை?" என்று கேட்டார்.

"முட்டையில இருக்குது அப்பா" என்றாள் இராசேஸ்வரி, அவருடைய காலைத் தேய்த்துக்கொண்டே.

"நாகேஸ், இன்னும் ஒருக்கா நனைச்சுக்கொண்டு வாரும்."

அவள் நனைத்துக்கொண்டு வந்தாள். வாசலில் இராசேஸ்வரி நின்றாள். அவள் அழவில்லை. "அப்பா கதைக்கிறார் இல்லை" என்று மட்டும் சொன்னாள்.

நாகேஸ்வரி அவருடைய மூக்கடியில் விரலை வைத்துப் பார்த்தாள். நெஞ்சில் காதை வைத்துக் கேட்டாள். பிறகு நிமிர்ந்து, கொண்டுவந்த துணியை அப்போதும் அவருடைய நெஞ்சில் விரித்துப் போட்டாள்.

அதன்பிறகு செய்யவேண்டியவை இருந்தன. கண்களை மூடினாள். சேலைக் கரையைக் கிழித்து நாடியைக் கட்டினாள், கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டினாள். தலை தெற்கே இருக்கவேண்டும். "தெற்கு எந்தப் பக்கம் அம்மா?" என்று இராசேஸ்வரி கேட்டாள். இருவரும் வெளியே வந்து பார்த்தார்கள். சித்திரை மாதத்து உச்சி வெயில். சூரியன் நேர் தலைக்கு மேலே நின்றது, வாடியின் கப்புத் தூணுக்குக்கூட நிழல் இல்லை. எந்தத் திசையையும் கண்டுபிடிக்க முடியவில்லை. காலையில் சூரியன் எழும்பியது பெருங்கடல் பக்கம் என்பதை நினைத்து, அந்தப் பக்கம் முகத்தை வைத்து நின்று, வலது கைப் பக்கந்தான் தெற்கு என்று முடிவு செய்தார்கள். பாயோடு சேர்த்து அவரை மெல்ல இழுத்துத் திருப்பினார்கள். தலைமாட்டில் அரிக்கன் லாம்பைக் கொளுத்தி வைத்தாள். அந்த வெளிச்சத்தில் சுடர் எரிவதே தெரியவில்லை.

வேறு ஒன்றும் செய்ய இல்லை. வள்ளம் வரவேண்டும். வள்ளம் வந்தால் ஆட்கள் வருவார்கள். கரையேறினால் சொந்தக்காரர் வருவார்கள், அவளைக் கட்டிப்பிடித்துக் குளறுவார்கள், பிறகு ஒரு அறைக்குள் கொண்டுபோய் இருத்துவார்கள். அதற்குப் பிறகு அவள் இந்தத் திட்டிக்கு வரப்போவதில்லை.

இராசேஸ்வரி தகப்பனின் காலடியில் தலையை வைத்து அப்போதுதான் அழத் தொடங்கியிருந்தாள். வள்ளம் வருகிறதா என்று பார்க்க நாகேஸ்வரி கண்ணாடியை எடுத்துக்கொண்டு வாசலில் போய் இருந்தாள்.

இரண்டு வட்டங்கள். நடுவே கறுப்பு. தண்ணீரின் பளபளப்பு இரண்டு பக்கமும் துண்டாகத் தெரிந்தது. வள்ளம் அந்தக் கறுப்புக்குள் இருக்குமோ என்றுகூட நினைத்தாள். இனி இதற்குள்ளால் பார்த்து யாருக்கு என்ன சொல்ல இருக்கிறது என்று பெட்டியை இழுத்துக் கண்ணாடியை உள்ளே வைத்தாள். விரித்தபடி அது பெட்டிக்குள் அடங்கவில்லை. வழக்கமாக அதை எடுப்பவரும் வைப்பவரும் அவர்தான். இரண்டு குழலையும் பிடித்து உள்பக்கமாக அழுத்தினாள். பாதி மடிந்தது.

அப்போது ஆட்காட்டி ஒரு தரம் கத்தியது. அவள் பழக்கத்தில், பாதி மடிந்தது மடிந்தபடியே, கண்ணாடியைக் கண்ணில் வைத்தாள்.

ஒரே வட்டம்.

பறவை முழுதாக நின்றது. கண்ணுக்கு முன்னால் சிவந்த சதை, கறுத்த நெஞ்சு, மஞ்சள் கால். ஒரு கால் மணலில், மற்றது தூக்கியபடி. அதன் கண் இமைப்பதுகூடத் தெரிந்தது. அவள் கண்ணாடியை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். நடுவில் ஒரு கீல். அவருடைய முகம் அகன்றது. இரு கண்களுக்கும் இடைவெளி கூட. ஆகவே எப்போதும் கடைசி மட்டும் விரித்தே பார்த்தார், அப்படியே அவளிடம் தந்தார். அவளுடையது ஒடுங்கின முகம். ஒவ்வொரு குழலும் ஒவ்வொரு கண்ணுக்கும் நேரே வராவிட்டால் வட்டங்கள் ஒன்று சேராது. ஒரு தரம், முதல் நாள், தெரியவில்லை என்று சொல்லியிருந்தால் அவரே அரைநிமிடத்தில் மடித்துக் கொடுத்திருப்பார்.

உள்ளே இராசேஸ்வரியின் விம்மல் கேட்டது. நாகேஸ்வரி கண்ணாடியை இறக்கவில்லை.

முட்டையில் இருந்த பறவை எழுந்தது. கரைக்கு ஓடியது. தண்ணீருக்குள் கால் மறையும் மட்டும் இறங்கியது. சொண்டை அது தண்ணீரில் வைக்கவே இல்லை. மெல்லக் குந்தி, வயிற்றைத் தண்ணீரில் அமிழ்த்தி, இரண்டு பக்கமும் ஆட்டிக்கொண்டு இருந்தது. பிறகு எழுந்து, வயிற்றுச் சிறகுகள் ஒட்டிக்கிடக்க, சொட்டச் சொட்டத் திரும்பி ஓடியது. காவல் நின்ற மற்றது விலகி இடம் விட்டது. நனைந்து வந்தது முட்டைகளுக்கு மேலே நின்று, மெல்லப் பணிந்து, ஈர வயிற்றை அவற்றின்மேல் வைத்தது.

அவள் இரண்டாம் தரமும் அது போய் வரும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள். தண்ணீரின் தூரத்து விளிம்பில் ஒரு வள்ளம் புள்ளியாகத் தெரிந்தது. மூன்று பேர் இருந்தார்கள்.

எழுந்து உள்ளே போனாள். நெஞ்சில் போட்ட துணி காய்ந்திருந்தது. பாயோரத்தில் கிடந்த கொப்பியையும் பென்சிலையும் எடுத்தாள். அன்றைய பக்கத்தில் அவளுடைய பெயர் ஆறு இடத்தில் இருந்தது. 'குடிக்க' என்ற சொல்லை ஒரு கோட்டால் வெட்டினாள். அவர் போட்ட கேள்விக்குறியை வெட்டவில்லை.

"என்னம்மா செய்யிறியள்?" என்று இராசேஸ்வரி நிமிர்ந்து பார்த்தாள்.

"பொறு பிள்ளை."

அவருடைய இடது கையை மெதுவாகத் தூக்கித் திருப்பினாள். விடியற்காலையில் அவர் சாவி கொடுத்த மணிக்கூடு ஓடிக்கொண்டிருந்தது. நேரத்தைப் பார்த்து, பறவை போய் வந்ததைப் பின்னோக்கிக் கணக்கிட்டு, கையைத் திரும்ப அதன் இடத்தில் வைத்துவிட்டு எழுதினாள்.

12.51 போனது. 12.54 வந்தது. குடிக்க இல்லை. வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து முட்டைக்கு மேல் வைக்கிறது, வெயிலில் முட்டை கொதிக்காமல் இருக்க. நானே பார்த்தனான்.