மடக்கக் கூடாத கால்

முழங்காலின் மேல் ஒரு உள்ளங்கை, அழுத்தவும் இல்லை, விலகவும் இல்லை, சும்மா இருக்கிறது, ஆனால் அதை மீறிக் காலை மடக்க முடியாது, அது என் கைதான், கீழே இருப்பது என் மகள் செண்பகாவின் ஏழு வயதுக் குச்சிக் கால், தொடை இடுக்கில் பிளாஸ்திரி, அந்த வழியாகத்தான் காலையில் இதயம் வரைக்கும் ஒரு குழாயை ஓட்டி, பிறவியிலிருந்தே அங்கே இருந்த ஓட்டையை அடைத்தார்கள், குடை மாதிரி சின்னதா ஒண்ணு, உள்ள போய் விரிஞ்சு மூடிக்கும் என்று டாக்டர் சொன்னபோது, மழை பெஞ்சாதான் விரியுமா டாக்டர் என்று கேட்டவள் இவள், அவர் சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பி, ஆறு மணி நேரம் காலை மடக்கக் கூடாது, உட்காரவே கூடாது, உங்க பொறுப்பு என்றார், நான் தலையாட்டினேன், இப்போதும் ஆட்டுகிறேன், ஏம்ப்பா தலைய ஆட்டுறீங்க, வலிக்குதா என்கிறாள் செண்பகா, இருபத்தொன்பது வயது, மூக்குக் கண்ணாடி, அவள் கை என் முழங்கால் மேல், ஆமாம், இன்று படுத்திருப்பது நான், குழாய் போனது என் தொடை வழியாக, பகல் ஒன்றரை, ஆறில் இரண்டு மணி நேரம்தான் முடிந்திருக்கிறது, மருந்து கண்ணை இழுக்கிறது, இழுத்தால் இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்தைய அந்த வார்டுக்குத்தான் கொண்டுபோகும்.

அங்கே கதவில் ஒரு வட்டக் கண்ணாடி, உள்ளே ஒருவருக்குத்தான் அனுமதி, வெளியே என் மனைவி காந்திமதி எம்பி எம்பிப் பார்க்கிறாள், படுத்திருக்கும் பிள்ளை அவளுக்குத் தெரியவில்லை, உசுரோட இருக்காளா என்று கேட்கிற மாதிரி வாயசைக்கிறாள், ஒரு நிமிஷம்தானே, அம்மாவுக்குக் கை காட்டும்மா என்று கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கி உட்கார வைக்கிறேன், உக்காரக் கூடாதுன்னாருப்பா, வேணாம்ப்பா, அட ஒண்ணும் ஆகாது, காட்டு, காட்டினாள், கண்ணாடிக்கு அப்பால் அழுகையும் சிரிப்புமாக ஒரு முகம், பிறகு விரிப்பில் சூடாக, சிவப்பாக, அகலமாக, ஸ்டெல்லா சிஸ்டர் ஓடி வந்து இருபது நிமிஷம் அழுத்திப் பிடித்தார், பிள்ளையின் உதடு வெளுத்துக்கொண்டே போனது, யாரு எந்திரிக்கச் சொன்னது என்று கத்தினார், அவளாத்தான் எந்திரிச்சிட்டா சிஸ்டர் என்றது என் வாய், அடங்காப்பிடாரி, சாகணும்னு ஆசையா உனக்கு என்று திட்டு முழுக்க அவளுக்குப் போனது, அவள் மறுக்கவில்லை, என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான், ரத்தம் ஏற்றிப் பிழைத்தாள், நான் போய் அந்தக் கண்ணாடியில நிக்கலைன்னா பிள்ளை எந்திரிச்சிருக்க மாட்டா, எல்லாம் என்னாலதான் என்று காந்திமதி போன வருஷம் சாகிற வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள், செண்பகா திருத்தவில்லை, நானும் திருத்தவில்லை, இதோ பிள்ளை இன்னும் உட்கார்ந்தபடியே கை காட்டிக்கொண்டிருக்கிறாள், படுக்க வைத்துவிட வேண்டும், ரத்தம் வருவதற்குள், எழுகிறேன், முழங்காலை மடக்கி ஊன்றி, அப்பா! என்று அலறல், விரிப்பில் சூடு, இது என் விரிப்பு.

நர்ஸ் சின்னப் பெண், அழுத்திக்கொண்டே, யாரு மேடம் மடக்க விட்டது, படிச்சவங்கதானே என்கிறாள், செண்பகா என்னைப் பார்க்கிறாள், அதே பார்வை, நான்தான் சிஸ்டர், தண்ணி குடுக்கத் தூக்கிட்டேன், சாரி என்று பதறாமல் சொல்கிறாள், இல்ல சிஸ்டர், அவ மேல தப்பில்ல, நான்தான் தூக்கி உக்கார வச்சேன், பிள்ளை வேணாம்னுதான் சொல்லிச்சு என்கிறேன், மயக்கத்துல உளர்றார் மேடம், ரத்தம் நின்னுடுச்சு, இனிமே முதல்லேர்ந்து ஆறு மணி நேரம் என்று நர்ஸ் போகிறாள், செண்பகா கண்ணாடியைக் கழற்றுகிறாள், துடைக்கிறாள், துடைத்துக்கொண்டே இருக்கிறாள், பிறகு அந்த உள்ளங்கை என் முழங்காலுக்குத் திரும்பி வருகிறது, இந்தத் தடவை அழுத்துகிறது, அம்மாகிட்டச் சொல்லியிருக்கலாம்ப்பா என்கிறாள்.