கார் கூட்டிப்போன வீடு

கண்ணாடிக் கடைக்காரர் அந்தக் காரை வாங்கியது மச்சினன் பேச்சைக் கேட்டுத்தான். அந்த வட்டாரத்தில் பாதிப் பேர் மூக்கின் மேல் உட்கார்ந்திருந்தது அவர் கடையில் செய்த கண்ணாடி. அப்படி இருந்தும் மனிதர் ஒரு தேய்ந்துபோன பழைய வண்டியில்தான் கடைக்குப் போய் வந்துகொண்டிருந்தார். "உங்க அந்தஸ்துக்கு இதெல்லாம் ஒரு வண்டியா மாமா?" என்று மச்சினன் பார்க்கும்போதெல்லாம் நச்சரிப்பான். பழைய கார்களைக் கைமாற்றிவிடுவது அவன் தொழில். ஒருநாள் கேட்காமலேயே ஒன்றைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்திவிட்டான்.

கறுப்பு நிறம். தோல் இருக்கைகள். மேலே வானம் தெரியும் கண்ணாடிக் கூரை. கதவைச் சாத்தினால் சத்தமே இல்லை, பெரிய மனிதர் யாரோ தொண்டையைச் செருமிக்கொள்வதுபோல் ஒரு 'ம்' மட்டும். ஒரே குடும்பம் ஓட்டிய வண்டி, கீறல்கூடக் கிடையாது என்றான் மச்சினன். கடைக்காரர் உள்ளே ஏறி உட்கார்ந்தார். அத்தோடு ஆள் காலி.

வெயில் காலம் முழுவதும் ராஜபோகம்தான். தெருவில் அதுவரை தலையை மட்டும் ஆட்டியவர்கள் நின்று பேசினார்கள். பிறகு மழைக்காலம் வந்தது, வண்டிக்குப் பைத்தியம் பிடித்தது.

முதலில் முன் கண்ணாடியின் துடைப்பான் நின்றது. பிறகு எதிரே இருந்த டிஜிட்டல் திரை அணைந்து, தானே எரிந்து, புது வண்டிபோல் அவரை வரவேற்றது. ஒருநாள் நாற்சந்தி நடுவில் எஞ்சின் நின்றுவிட்டது. பின்னால் இருந்தவர்கள் ஹாரனிலேயே அவர் பரம்பரையை விசாரித்தார்கள். கொஞ்ச நேரம் கழித்துச் சாவியைத் தொட்டால், ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பியது. எல்லாவற்றையும்விட விசித்திரம் இருக்கைதான். ஓட்டிக்கொண்டிருக்கும்போதே மெதுவாக முன்னால் நகரும். கடைக்காரர் கொஞ்சம் வாட்டசாட்டமானவர். தொப்பை ஸ்டியரிங்கில் முட்டும்வரை நகர்ந்துதான் நிற்கும்.

"முன்னாடி ஓட்டினவங்க வெச்ச அளவு மாமா. வண்டி சில நேரம் எல்லாத்தையும் மறந்துட்டு அவங்கதான் ஓட்டறாங்கன்னு நினைச்சுக்குது" என்றான் மச்சினன். அதைப் பெருமையாகச் சொன்னானா, மழுப்பினானா என்பது புரியவில்லை.

சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனால், மாமியார் வீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளைபோல் வண்டி பதவிசாக நடந்துகொள்ளும். அங்கே இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை போட்ட அட்வைசர் ஒருவர் இருந்தார். கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்துவிட்டு, குறை எதுவும் இல்லை என்பார். இன்னொரு முறை, சார் எந்தப் பட்டனை அழுத்துகிறீர்கள் என்று கேட்டார். குரலில் அத்தனை மரியாதை. அந்த மரியாதைதான் கடைக்காரரைக் கொன்றது. வீட்டிலும் மனைவி, பெரிய வண்டி இன்னும் கைக்குப் பழகவில்லை போலிருக்கிறது என்றாள். அவள் ஏறிய நாட்களில் அது ஒருமுறைகூட நிற்கவில்லை.

கடையில் கண் பரிசோதிக்கும்போது, இது தெளிவா, அது தெளிவா என்று லென்ஸை மாற்றி மாற்றிக் கேட்டால் சிலர் ஒரு கட்டத்தில் குழம்பிப்போவார்கள். தாம் பார்ப்பது எழுத்துதானா என்றே சந்தேகம் வந்துவிடும். கடைக்காரருக்கும் அதே நிலைமை. வண்டி நின்றதா, நாம்தான் நிறுத்தினோமா? இருக்கை நகர்ந்ததா, நாம்தான் கைபட்டு நகர்த்தினோமா? கேட்டுக் கேட்டு அவருக்கே விடை தெரியாமல் போயிற்று.

அன்று மாலை மழை கொட்டித் தீர்த்தது. கடையைச் சீக்கிரமே பூட்டிக்கொண்டு கிளம்பினார். வழக்கமான சாலையில் முழங்கால் தண்ணீர், தடுப்பு போட்டுத் திருப்பிவிட்டார்கள். திருப்பிய சந்து அவருக்குப் பழக்கமில்லாதது. கண்ணாடிக்கு அப்பால் எல்லாமே ஒரே சாம்பல் பூச்சு. அதற்குள் திரை ஒருமுறை அணைந்து எரிந்தது. திட்டிக்கொண்டே, அதில் 'வீடு' என்ற பொத்தானைத் தொட்டார். தன் வீட்டு முகவரியை அவரே அதில் பதிந்து வைத்திருந்தார். பெண் குரல் வழி சொல்ல ஆரம்பித்தது. இடது என்றால் இடது, வலது என்றால் வலது. இந்தத் திருப்பம் நம் பக்கம் இல்லையே என்று ஒரு இடத்தில் உறைத்தது. ஆனால் சில மாதங்களாகவே தன்னைவிட மற்ற எல்லோரையும் நம்பிப் பழகிவிட்ட மனிதர். தண்ணீரைச் சுற்றிக்கொண்டு போகிறது போலும் என்று குரல் சொன்னபடியே ஓட்டினார்.

வீடு வந்துவிட்டது என்று குரல் அறிவித்தது. எதிரே பார்த்தால் முன்பின் தெரியாத ஒரு வீடு. பச்சை இரும்புக் கேட், பக்கத்தில் ஒரு வேப்பமரம், மாடியில் ஒரே ஒரு விளக்கு. அவர் முழித்துக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் அணைந்தது. நான்கு ஜன்னல்களும் ஒன்றாக இறங்கின. சாரல் உள்ளே பாய்ந்தது. இருக்கை முன்னால் நகர ஆரம்பித்து, அவரை ஸ்டியரிங்கோடு சேர்த்து அணைத்துக்கொண்டது. கைபட்டதில் ஹாரன் வேறு அலறியது.

வீட்டிலிருந்து ஒருவர் ஓடிவந்தார். குடை இல்லை, காலில் செருப்பு இல்லை. கேட்டைத் தள்ளித் திறந்துகொண்டு நேராக ஓட்டுநர் பக்கம் வந்தவர், குனிவதற்கு முன்பே சொன்னார்: "வந்துட்டியா?"

பிறகு குனிந்து பார்த்தார். உள்ளே தொப்பை நசுங்கி உட்கார்ந்திருந்த கடைக்காரரைக் கண்டதும் அந்த முகம் போன போக்கை இவர் அதற்கு முன் எந்த மனித முகத்திலும் பார்த்ததில்லை.

"மன்னிச்சுக்கங்க சார்" என்றார் கடைக்காரர், எதற்கு மன்னிப்பு என்று தெரியாமலே. "நான் வரல. வண்டிதான் வந்துச்சு."

அந்த மனிதர் நிமிர்ந்தார். மழையில் நின்றபடி இறங்கிக் கிடந்த ஜன்னல்களைப் பார்த்தார். இருக்கையைப் பார்த்தார். திரை எரிந்து அணைவதைப் பார்த்தார். கடைசியில், "இது எப்பவும் இப்படித்தானா?" என்று கேட்டார்.

"மழை பேஞ்சா இப்படித்தான் சார். ஆனா யாரும் நம்ப மாட்டேங்கறாங்க."

அதைக் கேட்டதும் அந்த மனிதர் சட்டென்று காரைப் பிடித்துக்கொண்டார்.

உள்ளே அழைத்துப்போய்த் துவட்டிக்கொள்ளத் துண்டு கொடுத்தார். கூடத்தில் இரண்டு நாற்காலி, ஒன்றின் மேல் மடிக்காத துணிகள். அங்கே உட்கார்ந்துதான் கதையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். காப்பீட்டுக் கம்பெனியில் வேலை. விபத்து, தீ, திருட்டு என்று வருகிறவர்கள் சொல்வதில் எது உண்மை, எது புளுகு என்று கண்டுபிடிப்பதுதான் அவர் பிழைப்பு. கார் மனைவியுடையதாக இருந்தது. அவள் பிசியோதெரபிஸ்ட், நோயாளிகளின் வீடுகளுக்கே போய்ச் சிகிச்சை செய்கிறவள். சில நாட்கள் நேரம் கழித்து, தலை கலைந்து, நனைந்து வருவாள். கார் நின்றுவிட்டது என்பாள். இவர் சர்வீஸ் சென்டரில் விசாரித்தார். குறை எதுவும் இல்லை என்றார்கள். இவர் ஓட்டிய நாட்களிலும் நிற்கவில்லை. அப்புறம் அவள் சொன்னதையெல்லாம் அலுவலகத்தில் கேட்பதுபோலக் குறுக்கு விசாரணை செய்தார். எந்தத் தெரு, எந்தப் பக்கம், பக்கத்தில் என்ன கடை என்று. ஒருநாள் அவள் பதில் சொல்வதை நிறுத்திவிட்டாள். சொன்னதெல்லாம் பொய் என்று அவள் ஒத்துக்கொண்டதாகவே அதையும் இவர் எடுத்துக்கொண்டார். ஒரு காலையில் அவள் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு வீட்டைவிட்டே போய்விட்டாள். இவர் காரை விற்றார்.

கடைக்காரர் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். கண்ணாடி விற்கிற நாம் எதற்கு இங்கே உட்கார்ந்திருக்கிறோம், கேட்கக் கூடாததைக் கேட்கிறோமா, எழுந்து போனால் தப்பா, ஒன்றும் பிடிபடவில்லை.

"ஒரு உதவி பண்ணணும் சார்" என்றார் அந்த மனிதர். "உங்க போன்ல இருந்து அவகிட்டப் பேசணும். என் நம்பர்னா எடுக்க மாட்டா. நீங்க பார்த்ததை மட்டும் சொல்லுங்க."

முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார் கடைக்காரர். ஆனால் கை போனை நீட்டிவிட்டது. அந்த மனிதர் எண்ணை அழுத்தித் திருப்பிக் கொடுத்தார். மணி அடித்தது, ஒரு பெண் எடுத்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், கடைக்காரர் தான் கண்ணாடிக் கடை வைத்திருப்பதாகச் சொன்னார். தனக்குக் கண்ணாடி வேண்டாம் என்று அவள் வைக்கப் போனாள்.

"இல்லம்மா, கார். உங்க கார் இப்ப என்கிட்ட இருக்கு. நின்னுபோச்சு. உங்க வீட்டு வாசல்லயே நிக்குது."

வைக்கப் போனவள் வைக்கவில்லை. பிறகு அவள் நிதானமாகக் கேட்டாள்.

"சீட் முன்னாடி வந்துச்சா?"

"வந்துச்சும்மா."

"ஜன்னலு?"

"நாலும் இறங்கிடுச்சு."

"அவர் பார்த்தாரா?"

"பார்த்தார். பக்கத்துலதான் இருக்கார்."

மறுமுனையில் அவள் மூச்சு விடுவது கேட்டது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவருக்குத் தெரியவில்லை. பேசியபோது குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை.

"நான் அத்தனை நாள் சொன்னேன், நம்பல. இன்னிக்கு ஒரு சாயங்காலம் காரு சொன்னதும் நம்பிட்டாரா? இதை அப்படியே அவர்கிட்டச் சொல்லுங்க. மாத்திச் சொல்லாதீங்க."

போன் வைக்கப்பட்டது. அந்த மனிதர் இவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைக்காரர் வாசல் பக்கம் பார்த்தார். அப்புறம் பேசுகிறேன் என்றாள் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், எழுந்து ஓடிவிடலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் பொய் சொல்கிறாயா என்று மாதக்கணக்கில் பார்வையாலேயே கேட்கப்பட்டவர் அவரும்தான். அவள் சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் ஒப்பித்தார்.

"சரிதான்" என்றார் அந்த மனிதர். இழுவை வண்டிக்குத் தானே போன் செய்தார், அது வந்து காரைத் தூக்கிக்கொண்டு போகும்வரை மழையில் நின்றார். கடைக்காரரைத் தன் வண்டியில் கொண்டுவந்து வீட்டு வாசலில் இறக்கிவிட்டார்.

மனைவி கதவைத் திறந்தாள். தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். எங்கே போனீர்கள் என்று கேட்டாள். கடைக்காரர் சொல்ல ஆரம்பித்தார். சொல்லச் சொல்லத்தான் அது எப்படிப்பட்ட கதை என்பது அவர் காதிலேயே விழுந்தது. கார் தானாக ஒரு வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போயிற்று, அங்கே யாரோ ஒருவருடைய மனைவியோடு போனில் பேசினேன். பாதியில் நிறுத்திவிட்டார்.

"நம்புறியா?" என்று கேட்டார்.

அவள் கொஞ்ச நேரம் அவரை உற்றுப் பார்த்தாள். "இப்படி ஒரு கதையைக் கட்டற சாமர்த்தியம் உங்களுக்கு ஏது?" என்றாள். பிறகு, "முதல்ல தலையைத் துவட்டுங்க. அந்தப் பொண்ணு வேற என்ன சொன்னா?" என்று கேட்டுக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்தாள்.

மழையிலிருந்து நேராகத் தூக்கிக்கொண்டு போனதால், சர்வீஸ் சென்டருக்கு வண்டி முதல்முறையாக ஈரத்தோடு போய்ச் சேர்ந்தது. இருக்கையைக் கழற்றி, காலடி விரிப்பைத் தூக்கினால் கீழே குளம். வண்டியின் மூளை என்று சொல்லத்தக்க பெட்டி அந்தத் தண்ணீரில்தான் உட்கார்ந்திருந்தது. கண்ணாடிக் கூரையிலிருந்து மழைநீர் வடிய ஒரு மெல்லிய குழாய் உண்டாம், அது இலை தழை சேர்ந்து அடைத்திருந்தது. வெயிலில் காய்ந்ததும் பெட்டி பழையபடி வேலை செய்யும், அதனால்தான் அவர் கொண்டுவந்த நாட்களில் எதுவும் தெரியவில்லை. ஈரம் பட்டுக் குழம்பும்போது புதிதாகச் சேர்த்ததையெல்லாம் மறந்து முதலில் பதிந்த ஆளின் இருக்கை அளவுக்கும் வீட்டு முகவரிக்கும் போய்விடும். அட்வைசர் இதையும் அதே மரியாதையோடு விளக்கினார். முன்பு என்னைச் சந்தேகப்பட்டீர்களே என்று கேட்க நினைத்தார் கடைக்காரர். கேட்டு என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டார். பெட்டியை மாற்றினார்கள், குழாயைச் சுத்தம் செய்தார்கள். அதன்பின் வந்த மழைகளில் வண்டி நிற்கவில்லை.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் கடைக்கு ஒரு பெண் வந்தாள். குள்ளமான உருவம், கையில் ஹெல்மெட். போனில் பேசியது நான்தான், கண்ணாடிக் கடை என்று சொன்னதை வைத்து விசாரித்து வந்தேன் என்றாள். கடைக்காரர் எழுந்து நின்றுவிட்டார். வண்டியில் என்ன கோளாறு என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்றாள். அவர் சொன்னார்.

"இலையா?" என்றாள். "வாசல்ல இருந்த வேப்பமரத்து இலையா இருக்கும். நிழல்ல நிறுத்துன்னு அவர்தான் சொல்வார்."

பிறகு ஒருமுறை ஓட்டிப்பார்க்கலாமா என்று கேட்டாள். சாவியைக் கொடுத்தார். தெருவைச் சுற்றிக்கொண்டு திரும்பி வந்தாள். இறங்கி, கதவைச் சாத்தி, அந்த 'ம்' சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

"தினம் போன் பண்றார்" என்றாள், இவர் கேட்காமலே. "மன்னிப்பு கேக்கறார். சில நாள் எடுக்கறேன், சில நாள் எடுக்கறதில்ல. ஏன்னு எனக்கே தெரியல." ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள். "இப்ப ஸ்கூட்டர் வாங்கிட்டேன். மழை பேஞ்சா நனையறேன். ஆனா எங்க நின்னேன், ஏன் லேட்டாச்சுன்னு யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்ல."

அவள் போன பிறகும் கடைக்காரர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். அந்த வீட்டுக்கு அன்று போய் நின்றது நல்லதா கெட்டதா என்று யோசித்துப் பார்த்தார். போகாமல் இருந்திருந்தால் அந்த மனிதர் தன் பக்கமே சரி என்று நிம்மதியாக இருந்திருப்பார், இவள் பொய் சொன்னவளாகவே இருந்திருப்பாள். போனதால் இருவருக்கும் உண்மை தெரிந்துவிட்டது. தெரிந்து என்ன ஆயிற்று என்பதுதான் விளங்கவில்லை. இரவு சாப்பிடும்போது மனைவியிடம் கேட்டார், அவள் திரும்பிப் போவாளா என்று.

"போகக் கூடாது" என்றாள் மனைவி உடனே. இரண்டு வாய் சாப்பிட்ட பிறகு, "போனாலும் தப்பில்ல" என்றாள்.