சுபேதார் சண்முகையா

சங்கரன்கோவில் தறிக்காரத் தெருவில் ஆகஸ்டு பதினைந்து சாயங்காலம் என்றால் பாளையக்காரர் நாடகம்தான். வெள்ளைக்காரத் துரை வேஷம் பேங்கு குமாஸ்தா கோமதிநாயகத்துக்கு. ஆனால் பாவம், இரண்டு வருடமாக மனுஷனால் ஒரு பாளையக்காரரைத் தூக்கில் போட முடியவில்லை! கயிற்றைக் கண்டதும் சனம் மேடையேறி அடித்து விரட்டிவிடும். போன வருடம் பிடுங்கிப்போன துரைத் தொப்பியில் தறி ஓட்டும் சண்முகையாவின் வீட்டுக் கோழி அடைக்கு உட்கார்ந்தது.

"இந்தத் தடவையும் தூக்கு நடக்கலைன்னா துரை வேசம் டெய்லர் தாவூதுக்குத்தான்" என்று நாடகம் போடும் மன்றத்தின் தலைவர் கறாராகச் சொல்லிவிட்டார். கோமதிநாயகத்துக்குச் சோறு இறங்கவில்லை. தூக்குமேடை வசனத்தை ஒரு பக்கத்துக்குத் தானே எழுதி, மனைவி பிச்சம்மாள் காது புளிக்க ஒப்பித்திருந்தார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்பது, ஆகஸ்டு பதினைந்து. பாளையக்காரர் வேஷத்தில் சங்கரசுப்பு நூல் பெட்டிமேல் ஏறி நின்றான். கயிற்றில் பொய்முடிச்சு, இழுத்தால் அவிழ்ந்துவிடும். அது கழுத்தில் விழுந்ததுதான் தாமதம், சண்முகையா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேடையேறினான்.

"ஏலே, எங்க ராசாவ எவம்லே தூக்குல போடுதான்?"

பின்னால் நாற்பது பேர். சிப்பாய் வேஷக்காரர்கள் தலைப்பாகை, வாள் எல்லாவற்றையும் போட்டுவிட்டு எடுத்தார்கள் ஓட்டம்.

கோமதிநாயகத்துக்கும் ஓடிவிடத்தான் தோன்றியது. ஆனாலும் மூஞ்சியில் அப்பியிருந்த பவுடர் கொடுத்த தைரியமோ என்னமோ, "ஹால்ட்!" என்று அதட்டினார். கீழே கிடந்த ஜிகினாத் தலைப்பாகையை எடுத்தார்.

"உன்னைப்போல ஒரு வீரனைத்தான் கும்பினி தேடுகிறது. இன்று முதல் நீ எங்கள் சுபேதார்!"

சொன்னதோடு அதைச் சண்முகையாவின் தலையில் கவிழ்த்து, தகர வாளையும் கையில் திணித்தார்.

சண்முகையா தலைப்பாகையைத் தடவினான். கூட்டத்தில் அவன் பெண்டாட்டி முருகம்மாள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான், நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

"எல்லாரும் கீழ எறங்குங்கடே! சுபேதார் சொல்லுதேம்லா!"

இறங்கினார்கள். இரண்டு பேர் மட்டும் துரை முன்னால் நின்று தலையைச் சொறிந்தார்கள். "அண்ணாச்சி, எங்களுக்கும் ஏதாவது வேலை..."

தெருச் சனம் பழையபடி உட்கார்ந்தது. கோமதிநாயகம் ஒரு பக்க வசனத்தையும் ஒரு சொல் விடாமல் முழங்கிவிட்டுக் கையை அசைத்தார். பெட்டியைத் தள்ள வேண்டிய சிப்பாய்தான் ஓடிப்போயிருந்தானே! சண்முகையா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. தானே போய்ப் பெட்டியை எத்திவிட்டான்.

திரை விழுந்தது. சங்கரசுப்பு முழங்காலைத் தேய்த்துக்கொண்டே எழுந்தான்.

"ஏம்லே, நீயா தள்ளுன?"

"தொரை கையக் காட்டினாருல்லா."

வேஷம் தப்பியது, கைதட்டலும் கேட்டது. ஆனால் கோமதிநாயகத்துக்கு என்னவோ சங்கடமாகிவிட்டது. ஒரு தலைப்பாகைக்கே இப்படியென்றால் அந்த வெள்ளைக்காரப் பயல்கள் எதற்குக் கப்பல் கப்பலாகப் பீரங்கி கொண்டுவந்தார்கள்?

சண்முகையா பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினான்.

"அண்ணாச்சி, அடுத்து யாரத் தூக்குல போடணும்?"