காப்புக் கட்டிய வாரம்

என் மகள் தேவிப்ரியாவைக் கால்பந்துக் கிளப்பில் சேர்க்க நாங்கள் பட்ட பாட்டுக்கு அவளை டாக்டருக்கே படிக்க வைத்திருக்கலாம். ஆறாம் வகுப்புப் பிள்ளை. பள்ளிக்கூடத்து பி.டி. சார் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு அனுப்பி, "இந்தப் புள்ளய இங்க வச்சு வீணாக்காதீங்கம்மா, நல்ல கிளப்பாப் பாத்துச் சேத்துவிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். சொல்வதற்கென்ன, வாய் வலிக்கவா போகிறது? நான் திருமயத்தில் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறேன். காலையில் போனால் இருட்டித்தான் வீடு. என் வீட்டுக்காரர் அடைக்கலம் குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிறார். லோடு எப்போது வரும், எங்கே போகும் என்று அவருக்கே தெரியாது. இதில் யார் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கிளப் கிளப்பாக அலைவது?

இருந்தாலும் அலைந்தோம். முதலில் புதுக்கோட்டையில் ஒன்று. பச்சைப் புல்விரிப்பு போட்ட மைதானம், பெரிய பெரிய விளக்கு, வாசலில் வரிசையாகக் கார். அங்கே உட்கார்ந்திருந்த பையன் ஃபீஸைச் சொன்னதும் என் வீட்டுக்காரர், "மாசத்துக்கா தம்பி, வருசத்துக்கா?" என்று கேட்டார். மாசத்துக்குத்தான். ஷூ தனி, ஜெர்சி தனி. அதைக்கூட எப்படியாவது புரட்டலாம் என்றால், ஆடி முடித்து, அரிமளம் பஸ்ஸைப் பிடித்து, அங்கிருந்து எங்கள் ஊருக்கு அவள் வந்து சேர ஒன்பது மணியாகும். பதினொரு வயசுப் பிள்ளையை அந்த நேரத்தில் யாரை நம்பி ரோட்டில் விடுவது? வேண்டாம் என்று வந்துவிட்டோம்.

இரண்டாவது திருமயத்திலேயே இருந்தது. காசு கொஞ்சம்தான். ஆனால் விடிவதற்கு முன்னால் மைதானத்தில் நிற்க வேண்டும். எங்கள் ஊருக்கு முதல் பஸ் வருவதே விடிந்த பிறகுதான். போதாததற்கு அங்கே அத்தனையும் பையன்கள். "பொம்பளப் புள்ளையா?" என்று அந்தக் கோச் இழுத்த இழுப்பிலேயே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஆமா சார், அவளுக்கு ரெண்டு காலுதான். ஒங்க பயலுகளுக்கு எத்தனை?" என்று கேட்டுவிட்டேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வீட்டுக்காரர் என்னைத் திட்டிக்கொண்டே வந்தார்.

அப்புறம்தான் அன்னவாசல் பக்கத்தில் அந்தக் கிளப் இருப்பது தெரிந்தது. ஒரு டிரஸ்ட் நடத்துகிறது, பெண் பிள்ளைகளுக்கு மட்டும். சனிக்கிழமை காலையில் கொண்டுபோய் விட்டால் அங்கேயே தங்கி ஆடிவிட்டு ஞாயிறு சாயங்காலம் திரும்பலாம். சாப்பாடு, ஷூ எல்லாம் அவர்களே கொடுப்பார்கள். ஒரு பைசா கிடையாது. வீட்டுக்காரருக்குச் சனிக்கிழமையானால் எப்படியும் அந்தப் பக்கம் லோடு உண்டு. எங்களுக்கென்றே அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. இரண்டே கண்டிஷன். நான்கு வாரம் தங்கி ஆட வேண்டும், அதைப் பார்த்துத்தான் எடுப்பார்கள், ஒரு வாரம் தவறினாலும் இடம் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். இன்னொன்று, பன்னிரண்டு வயசு முடிந்தால் சேர்க்க மாட்டார்கள். அதாவது என் மகளுக்கு இந்த வருசத்தை விட்டால் கிடையாது.

"ஆத்தா மாரியம்மா, இந்த எடம் மட்டும் கெடைக்கட்டும், ஒனக்குப் பால்குடம் எடுக்குறேன்" என்று அன்றைக்கே வேண்டிக்கொண்டேன்.

மூன்று வாரம் போய் வந்தாள். முழங்காலெல்லாம் சிராய்ப்பு, முகமெல்லாம் சிரிப்பு. தூக்கத்தில்கூட எட்டி எட்டி உதைத்து என் விலாவைப் பேர்த்தாள். மூன்றாவது வாரம் நானே கூட்டிவரப் போனபோது அங்கே கோச்சாக இருக்கும் இன்னாசியம்மாள், "ஒங்க புள்ளயப் பத்திக் கவலையே படாதீங்கக்கா" என்று என் கையைப் பிடித்துச் சொன்னார். அந்த ஒரு வார்த்தையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. நான்காவது வாரம் மைதானத்தில் ஏதோ ஆண்டு விழா என்று தள்ளிவைத்தார்கள். தேதி பிறகு சொல்வதாகச் செய்தி வந்தது. இனிமேல் என்ன, எடுத்துவிட்டார்கள் என்றே நினைத்துக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டு. கையில் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டால் எட்டாம் நாள் பால்குடம் எடுத்து முடிகிற வரைக்கும் விரதம். பகலில் வேலைவெட்டிக்குப் போய் வரலாம். பொழுது சாய்ந்தால் ஊர் எல்லைக்குள் வந்துவிட வேண்டும், வெளியூரில் ராத்தங்கக் கூடாது. நடுவில் கயிற்றை அவிழ்க்கவும் கூடாது. நான் கட்டிக்கொண்டேன். அதோடு நின்றிருக்கலாம். "ஆத்தா குடுத்த எடம், நீயும் ஒரு சின்னக் குடமா எடுடி" என்று பிள்ளையையும் இழுத்துப் பூசாரி முன்னால் நிறுத்தினேன்.

"புள்ளைக்கு எதுக்கு? நீ எடுத்தாப் போதாதா?" என்றார் வீட்டுக்காரர்.

"ஒங்களுக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இருங்க" என்றேன்.

புதன்கிழமை கடையில் நிற்கும்போது போனில் செய்தி வந்தது. நான்காவது முகாம் வருகிற சனி, ஞாயிறு. முதலாளியிடம்கூடச் சொல்லாமல் வாசலுக்கு ஓடிவந்து இன்னாசியம்மாளைக் கூப்பிட்டேன்.

"மேடம், புள்ளைக்குக் காப்புக் கட்டியிருக்கு. பகல்ல வந்து ஆடிட்டு ராத்திரி வீட்டுக்குக் கூட்டியாந்துடுறோம். அவுக அப்பா வண்டியிலேயே கொண்டாந்து விடுவாரு."

"அக்கா, சனிக்கெழமை ராத்திரிதான் மேட்சே. லைட்டப் போட்டு ஆடுறாங்க. அதப் பாக்கத்தான் டிரஸ்ட்டுலேருந்து ஆளுக வாராங்க, பாத்துட்டு விடியமுன்ன கெளம்பிடுவாங்க. நாப்பது புள்ளைகளுக்கு வச்ச நாள ஒருத்திக்காக நான் எப்படி மாத்துவேன்?"

"காப்புக் கட்டினா வெளியூர்ல ராத்தங்கக் கூடாது மேடம்" என்றேன்.

"அந்தக் கயித்த அவுத்துட்டு அனுப்புங்கன்னு என் வாயால சொல்ல முடியாதுக்கா" என்றார் இன்னாசியம்மாள். "நான் சர்ச்சுக்குப் போற வேதக்காரி. நான் சொன்னா அது வேற மாதிரிப் போயிரும்."

அவரைக் குறை சொல்ல முடியாது. பூசாரி ராசுவிடம் வீட்டுக்காரர் போய்க் கேட்டார். கட்டினது கட்டினதுதான், ஆத்தாகிட்ட விளையாடாதீங்கப்பா என்று சொல்லி அனுப்பிவிட்டார். அதற்குள் தெருவே பேச ஆரம்பித்துவிட்டது. காப்போடு வெளியூரில் தங்கின வீட்டில் அம்மை வந்ததாம், கண் போனதாம். ஆளாளுக்கு ஒரு கதை. எவள் வாயை நான் போய் அடைப்பது?

அம்மை எப்படி வருகிறது என்று எனக்குத் தெரியாதா? அதற்கான மாத்திரையை நானே என் கையால் எடுத்துக் கொடுக்கிறேன். ஒரு நாளைக்கு எத்தனை வேளை, எத்தனை நாளைக்கு என்று வருகிறவர்களுக்கு வக்கணையாகச் சொல்கிறேன். எல்லாம் அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு. என் பிள்ளை என்று வந்ததும் படித்ததெல்லாம் எங்கே போய்த் தொலைந்ததோ தெரியவில்லை.

சனிக்கிழமை காலையில் அவள் குளித்து, பையை எடுத்து வைத்துக்கொண்டு, கத்தரிக்கோலோடு என் முன்னால் வந்து நின்றாள். கையை நீட்டினாள்.

"நீயே வெட்டி விடும்மா."

"முடியாதுடி தங்கம். ஒனக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆயிட்டா நான் உசுரோட இருக்க மாட்டேன்."

"ஒண்ணும் ஆகாதும்மா. நீதானே கட்டச் சொன்னே? நீ வெட்டினா சாமி ஒண்ணும் சொல்லாது."

கத்தரிக்கோலை வாங்கினேன். கயிற்றுக்கு அடியில் விட்டும்விட்டேன். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கை வரவில்லை. வெளியே வீட்டுக்காரர் வண்டியை ஸ்டார்ட் செய்து, "ராஜி, என்னதான் சொல்றே? லோடுக்கு நேரமாகுது" என்று இரண்டு தரம் கேட்டார். நான் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு அழுதேன். வண்டி போய்விட்டது. பிள்ளை அழவில்லை. பையிலிருந்து துணியை எடுத்து ஒவ்வொன்றாக மடித்துக் கொடியில் போட்டாள். ஒரு அறை விட்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

திங்கட்கிழமை கிளப்பிலிருந்து பட்டியல் வரும் என்றிருந்தார்கள். ஞாயிறு காலையிலேயே இன்னாசியம்மாள் போன் செய்து, காத்திருந்த வேறொரு பிள்ளையை எடுத்துவிட்டதாகச் சொன்னார். எனக்கோ பதில் சொல்ல நேரமில்லை, எட்டாம் நாள் அன்றைக்குத்தான். பால்குடத்துக்கு மேளம் வந்துவிட்டது.

வேண்டினது கிடைத்தால்தானே நேர்த்திக்கடன்? கிடைக்காததற்கு யாராவது பால்குடம் எடுப்பார்களா? ஆனால் காப்பு கையில் இருக்கிறது, எடுக்காமல் விட முடியாது. மஞ்சள் சேலை கட்டி, தலையில் குடத்தை வைத்துக்கொண்டு வெயிலில் நடந்தேன். என் பக்கத்தில் அவள், தன் சின்னக் குடத்தோடு. கால் சுட்டிருக்கும், குடத்தை இறக்காமல் நடந்தாள். கோயிலுக்குக் கொஞ்சம் முன்னால் என் நாத்தனார் செவந்தி எதிரே வந்து, எங்கள் காலுக்குத் தண்ணீர் ஊற்றினார். காரைக்குடியிலிருந்து அன்றைக்குத்தான் வந்தவர், நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது.

"என் தங்கம், இந்த வயசுல பால்குடமா! என்னடி வேண்டுதலு?"

"கிளப்புல எடம் கெடைச்சா எடுக்குறதா அம்மா வேண்டிக்கிட்டாங்க அத்தை."

"அட, கெடைச்சிருச்சா?"

அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"கெடைச்சிருச்சு அத்தை" என்றாள்.

பின்னால் வந்தவர்கள் நகரச் சொன்னார்கள். நாங்கள் நடந்தோம்.