எட்டாம் நாள் சப்பாத்தி

சனிக்கிழமை பார்த்துத்தானா மில்லில் பெல்ட் அறுந்து தொலைய வேண்டும்? கோதுமை டின்னை இடுப்பில் வைத்துக்கொண்டு ரோசா நின்றாள், உட்கார்ந்தாள், வாசல்வரை போய்த் திரும்பினாள். மில்காரர் கலியபெருமாள் சாவகாசமாகப் பெல்ட்டைத் தைத்துக்கொண்டிருந்தார். அவருக்கென்ன, அவர் வேலையா போகப்போகிறது?

ரோசாவின் புருஷன் கிறிஸ்துதாஸ் முசே என்று எல்லாரும் கூப்பிட்ட பிரெஞ்சுத் துரை ஒருவருக்குப் பதினாலு வருஷம் சமைத்துப்போட்ட குசினிக்காரன். அவன் வைக்கும் சூப்புக்கு விருந்தாளிகள் குசினிக்கே வந்து கைகொடுத்துவிட்டுப் போவார்கள். போன வருஷம் ஊரில் பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறியது, முசே கப்பலேறினார். அதே பங்களாவுக்குப் போன வாரம் டெல்லியிலிருந்து ஓர் ஆபீசர் குடிவந்தார். வீட்டோடு குசினிக்காரனையும் வைத்துக்கொண்டார். ஆனால் அந்த வீட்டம்மாவுக்குச் சூப்பும் வேண்டாம், கட்லெட்டும் வேண்டாம். சப்பாத்திதான் வேண்டும். கடை மாவு ஆகாது. அன்றன்றைக்கு அரைத்த முழுக் கோதுமை மாவில், பூப்போல இருக்க வேண்டும். அந்த அம்மாளும் சமையல்காரன் கையில் சாப்பிட்டு வளர்ந்தவள். எப்படி இருக்க வேண்டும் என்று தெரியும், எப்படிச் செய்வதென்று கேட்டால் தெரியாது.

முசே வீட்டுக்கு ரொட்டி பேக்கரியிலிருந்து வந்துவிடும். கிறிஸ்துதாஸ் இந்த மாவைத் தொட்டதே இல்லை. முதல் நாள் சப்பாத்தி அப்பளமாக நொறுங்கியது. தண்ணீரைக் கூட்டினான், வெந்நீர் ஊற்றினான், நெய் விட்டான், அரை மணி ஊறவைத்தான். தேய்த்தால் விரிசல், சுட்டால் விறைப்பு. ஐந்தாம் நாள் வீட்டம்மா பியூன் ஜானகிராமனிடம் சொல்லியனுப்பினாள்: சனிக்கிழமை மத்தியானமும் இப்படியே இருந்தால் மதராஸிலிருந்து வேறு ஆள் வருவான். அன்றிலிருந்து கிறிஸ்துதாஸுக்குச் சோறு இறங்கவில்லை.

ரோசாவும் சும்மா இருக்கவில்லை. மாவு அரைத்துக் கொடுப்பது அவள் பொறுப்பு. இடியாப்ப மாவானாலும் கொழுக்கட்டை மாவானாலும் வறுத்துத்தானே வைப்போம்? பச்சை மாவைத் தின்றால் வயிறு என்னத்துக்கு ஆகும்? அப்படியே இதையும் வாணலியில் வறுத்து, ஆறவைத்து, தினமும் பங்களாவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அதைப் புருஷனிடம் சொல்ல வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. உலைக்குத் தண்ணீர் ஊற்றினேன் என்று யாராவது சொல்லிக்கொண்டிருப்பார்களா? சப்பாத்தி விறைக்கிறது என்று கேள்விப்பட்டதும், வறுப்பு பத்தவில்லையோ என்று இன்னும் சிவக்கச் சிவக்க வறுத்தாள்.

இன்றைக்கு மாவு கைக்கு வரும்போது மணி பதினொன்றரை. வறுக்க ஏது நேரம்? கொதிக்கிற டின்னை முந்தானையால் பிடித்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் பங்களாவின் பின்வாசலுக்குப் போனாள். கிறிஸ்துதாஸ் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டான். அவளுக்கு அங்கிருந்து நகரக் கால் வரவில்லை. பச்சை மாவாயிற்றே. ஆபீசருக்கு வயிற்றுவலி கண்டால் வேலை மட்டுமா போகும், என்னத்தையோ கலந்துவிட்டான் என்பார்கள். சொல்லிவிடலாம் என்று ஓர் அடி வைப்பாள். சொன்னால் சமையலே நின்றுபோகுமே என்று பின்வாங்குவாள். மாதாவே, நீதான் காப்பாத்தணும் என்று முணுமுணுத்தபடி கிணற்றடிக்கும் படிக்கும் நடந்தாள்.

கடைசியில் தாங்க முடியாமல் குசினிக்குள் எட்டிப் பார்த்தாள். தணலில் போட்ட சப்பாத்தி பந்தாக உப்பி எழுந்தது. அடுத்ததும் எழுந்தது. கிறிஸ்துதாஸ் ஒன்றை எடுத்து நாலாக மடித்தான். துணிபோல மடங்கியது. தட்டு உள்ளே போனது, இன்னும் நாலு கேட்டுத் திரும்பி வந்தது. மதராஸ் ஆள் வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டதாக ஜானகிராமன் வந்து சொல்லிவிட்டுப் போனான்.

ரோசாவுக்குச் சந்தோஷம் ஒரு நொடிதான். இத்தனை நாள் அவனைப் படுத்தியது யார் என்று விளங்கிவிட்டது. வாயை மூடிக்கொண்டு போய்விடலாம், யாருக்கும் தெரியப்போவதில்லை. அவளுக்கு மனசு கேட்கவில்லை.

"இன்னிக்கு மாவ வறுக்கலங்க. நேரமில்ல," என்றாள். "மத்த நாளெல்லாம் வறுத்துத்தான் குடுத்தேன்."

கிறிஸ்துதாஸ் திரும்பிப் பார்த்தான். "ஏழு நாளுமா?"

"ஏழு நாளும்."

அவன் சப்பாத்திக் கட்டையைக் கீழே வைத்தான். கத்தப்போகிறான் என்று ரோசா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். சத்தமே வரவில்லை. கண்ணைத் திறந்தால், அவன் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான்.

"என் கைப்பக்குவமே போயிடுச்சின்னு நெனச்சிட்டேன் ரோசா," என்றான். "எந்தப் பாவத்துக்கு இந்தத் தண்டனன்னு நேத்து கோயில்ல பாவசங்கீர்த்தனம் பண்றப்ப சாமியாரக் கேட்டேன்."

அவன் திட்டியிருந்தால்கூட ரோசா தாங்கியிருப்பாள்.