ஒன்பது வருடம் நடந்த கால்

ராஜவேல் வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனியின் கட்டிங் மாஸ்டர். தைப்பூசத்துக்கு ஒன்பது வருடமாகப் பழனிக்கு நடக்கிறவன் என்று தெருவே சொல்லும். தெருவுக்குச் சொன்னவன் அவன்தான்.

இந்த வருடம் பதின்மூன்று வயது மகள் அனுப்ரியாவுக்கும் மாலை போட்டுவிட்டான். ஒரு கையில் செல்போனை வைத்துக்கொண்டு மறுகையால் கும்பிடுகிற பிள்ளை. கூட நடந்தால் பக்தி கால் வழியாக ஏறிவிடும் என்று நம்பினான்.

"எதுக்குங்கப்பா செருப்பில்லாம நடக்கோணும்?"

"வலிச்சாத்தான் முருகன் நெனப்பு வரும் கண்ணு. பாதியில வண்டி ஏறுனா மாலை போட்டதுக்கே அர்த்தமில்ல."

குண்டடம் போய்ச் சேருவதற்குள் இதையே நாலு தடவை சொல்லிவிட்டான். அங்கே நடப்பவர்களுக்குத் தயிர்சாதம் கொண்டுவந்த கம்பெனி வேன் நின்றிருந்தது. டிரைவர் வேலுமணி பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு முன்கதவைத் திறந்தான்.

"ஏறுங்க மாஸ்டர். உங்க சீட்டுல யாரையும் உக்கார உடல. வருசாவருசம் மாதிரி அடிவாரத்துல இறக்கி உட்டர்றேன்."

ராஜவேல் தயிர்சாதத்தைப் பார்த்தான். அனுப்ரியா அவனைப் பார்த்தாள்.

"ஏறிக்குங்கப்பா, கால் வீங்கியிருக்குது. நான் முன்னால போற அக்காங்ககூட நடந்து வர்றேன். சாமிகிட்ட உங்களுக்கும் சேத்துச் சொல்லிக்கறேன்."

அவள் திட்டியிருந்தால் ஏறியிருப்பான். வேலுமணி கதவைச் சாத்திக்கொண்டு காலி சீட்டோடு போனான்.

தாராபுரம் தாண்டும்போது மகளின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தான்.

"வலிக்குதுங்களாப்பா?"

"இல்ல."

"அப்ப முருகன் நெனப்பு வரலீங்களா?"

அவள் தோளை இன்னும் இறுக்கிப் பிடித்தான். அதற்குப் பிறகு வழியெல்லாம் முருகா முருகா என்றுதான் வந்தான். அதில் பொய் இல்லை.

ஊருக்குத் திரும்பியதும் மனைவி ஜெயபாரதி வாசலிலேயே நிறுத்தி மஞ்சள் தண்ணீரில் கால் கழுவினாள். கொப்புளங்களைத் தடவிப் பார்த்து நிமிர்ந்தாள்.

"ஏனுங்க, இந்த வருசம் நெசமாவே நடந்தீங்களாக்கும்?"

"உனக்குத் தெரியுமா?"

"ஒம்பது வருசமா இந்தக் காலைக் கழுவறவ நாந்தானுங்க."

அவள் வீட்டிலிருந்த பனியன் துணியைக் கிழித்துக் காலில் சுற்றினாள். ராஜவேல் மகள் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்.

"அடுத்த வருசம் வருவியா கண்ணு?" வரமாட்டாளோ என்பதுதான் இரண்டு நாளாக அவனுக்கு இருந்த ஒரே பயம்.

"வராம இருப்பனுங்களா? நான் வரலீன்னா நீங்க வேன்ல போயிருவீங்களே."